ஒரு வோட்டு குறைந்தது – லைமன் டிரம்புல் வாழ்க்கை

சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் உள்ள என் பெண் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பேரன் ஒருநாள் மாலை பள்ளிப் பாடத்தோடு வந்து, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தத்தை எழுதியது யார் தெரியுமா தாத்தா என்று கேட்டான். இதென்ன கேள்வி, ஆபிரகாம் லிங்கன்தான் என்றேன். அவன் சிரித்துவிட்டு, அதை எழுதி செனட் சபையில் கொண்டுவந்தவர் இதே மாநிலத்துக்காரரான லைமன் டிரம்புல் என்றான். எழுபது வயதில் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மறுவாரம் மாப்பிள்ளை எங்களை ஆல்டன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். மிசிசிப்பி நதிக்கரையில் உள்ள ஊர். டிரம்புல் குடியிருந்த செங்கல் வீடு இன்னும் அங்கே இருக்கிறது. தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த வீட்டை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நான் இயற்பியல் படித்தவன். அரசாங்க உத்தியோகத்தில் ஆயுளைக் கழித்தவன். சட்டம் முறையாகப் படித்ததில்லை. ஆகவே சட்டம் அறிந்த உறுப்பினர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும். வக்கீல், நீதிபதி, சட்டமன்ற உறுப்பினர் என்ற மூன்று பாத்திரங்களிலும் இருந்து, மூன்றிலும் தன் கணக்கை நேராக வைத்துக்கொண்ட ஒரு மனிதரின் கதை என்பதால் நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

பள்ளி ஆசிரியர் வக்கீலானார்

லைமன் டிரம்புல் 1813 அக்டோபர் 12-ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் கோல்செஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். பாட்டனார் பாதிரியார், சரித்திர நூல் எழுதியவர். குடும்பத்தில் படிப்பு இருந்தது, பணம் அவ்வளவாக இல்லை. ஊரிலிருந்த பேக்கன் அகாடமியில் படித்துவிட்டு, கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் சிறு வயதிலேயே பள்ளி ஆசிரியரானார். இருபது வயதில் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் ஒரு பள்ளியை நடத்தினார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மற்ற நேரத்தில் தானே சட்டம் படித்தார். அக்காலத்தில் வக்கீலாகச் சட்டக் கல்லூரி தேவையில்லை. படித்துத் தேறினால் போதும். 1837-இல் வக்கீலாகப் பதிவு பெற்று, அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த இல்லினாய் மாநிலத்துக்கு வந்து பெல்வில் என்ற ஊரில் தொழில் தொடங்கினார்.

ஜார்ஜியா அடிமை முறை நிலவிய மாநிலம். பருத்தி வயல்களையும் அவற்றில் உழைத்த மனிதர்களையும் அங்கே அவர் கண்ணால் பார்த்திருந்தார். இல்லினாயோ பெயரளவில் சுதந்திர பூமி. 1787-இல் அந்த வடமேற்குப் பகுதி முழுவதற்கும் போடப்பட்ட சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருந்தது. ஆனாலும் பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் வீடுகளில், முன்பிருந்த அடிமைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பலர் அடிமைகளாகவே நடத்தப்பட்டு வந்தார்கள். சட்டம் ஏட்டில் இருந்தது; வீட்டில் இல்லை.

டிரம்புல் இப்படிப்பட்டவர்களுக்காக வழக்காடினார். அவற்றுள் முக்கியமானது ஜோசப் ஜாரோ என்பவரின் வழக்கு. தான் சுதந்திர மனிதன், ஆகவே செய்த வேலைக்குக் கூலி வேண்டும் என்று, தன்னை அடிமையாக வைத்திருந்த எஜமானி மீது அவர் வழக்குத் தொடுத்தார். கேட்டது கூலிதான், ஆனால் கூலி கிடைத்தால் அவர் அடிமையல்ல என்று ஆகிவிடும். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. 1845-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஜாரோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரெஞ்சுக்காரர்களின் அடிமைகளுக்கு 1787-க்குப் பிறகு பிறந்த வாரிசுகளை அடிமைகளாக வைத்திருக்க முடியாது என்று முடிவாயிற்று. இத்தகைய வழக்குகளில் பணம் வராது. ஊரில் பகைதான் வரும்.

இதற்கிடையில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், மாநிலச் செயலாளர் என்ற பதவிகளும் வந்தன. கவர்னருடன் கருத்து வேறுபாடு வந்து, செயலாளர் பதவி 1843-இல் போயிற்று. அதே வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து டாக்டர் ஒருவரின் மகளான ஜூலியா ஜெய்னை மணந்தார். இந்த ஜூலியா, அதற்கு முந்தைய ஆண்டு நடந்த லிங்கன் திருமணத்தில் மணப்பெண் மேரிக்குத் தோழியாக நின்றவர். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

1848-இல் டிரம்புல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நீதிபதிகளையும் மக்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்து வருஷம் பணியாற்றி 1853-இல் ராஜினாமா செய்தார்.

லிங்கன் விட்டுக்கொடுத்த இடம்

1854-இல் நாட்டையே உலுக்கிய சட்டம் ஒன்று வந்தது. மேற்கே புதிதாக உருவாகும் பிரதேசங்களில் அடிமை முறை இருக்கலாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது அந்தச் சட்டம். கொண்டுவந்தவர் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். டிரம்புலும் டக்ளஸும் ஒரே ஜனநாயகக் கட்சியினர். ஆனால் டிரம்புல் இதை ஏற்கவில்லை. கட்சித் தலைவரை எதிர்த்துத் தேர்தலில் நின்று காங்கிரஸின் கீழ்ச்சபைக்கு ஜெயித்தார். அந்த நாற்காலியில் உட்காரும் முன்பே அதைவிடப் பெரியது வந்தது.

அக்காலத்தில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் ராஜ்யசபைபோல, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. 1855 பிப்ரவரியில் இல்லினாய் சட்டமன்றம் கூடியது. முதல் சுற்றில் லிங்கனுக்கு 40-க்கும் மேற்பட்ட வோட்டுகள். டிரம்புலுக்கு வெறும் 5. ஆனால் அந்த ஐந்து பேர் அசையவில்லை. லிங்கன் வேறு கட்சிக்காரர் என்பதால் அவருக்குப் போட மாட்டோம் என்று உறுதியாக இருந்தார்கள். சுற்றுக்குச் சுற்று லிங்கனின் வோட்டுகள் கரைந்தன. எதிர்த்தரப்பில் கவர்னர் மேட்டிசன் ஜெயித்துவிடும் நிலை வந்தது. லிங்கன் தன் நண்பர்களை அழைத்து, எல்லோரும் டிரம்புலுக்கே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51, மேட்டிசன் 47. ஐந்து வோட்டோடு தொடங்கியவர் செனட்டரானார். நாற்பதோடு தொடங்கியவர் வீட்டுக்குப் போனார்.

லிங்கன் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மேரி லிங்கனால் அது முடியவில்லை. தன் கல்யாணத்தில் தோழியாக நின்ற ஜூலியாவை அவர் மன்னிக்கவே இல்லை. பெரிய சரித்திரங்களுக்குள்ளும் இப்படி உடைந்த சிநேகிதங்கள் இருக்கின்றன. டிரம்புல் தன் பங்குக்கு 1858-இல் டக்ளஸை எதிர்த்து லிங்கன் செனட்டுக்குப் போட்டியிட்டபோது அவருக்காக மாநிலமெங்கும் பிரசாரம் செய்தார். அதற்குள் இருவரும் புதிய குடியரசுக் கட்சியில் இருந்தார்கள்.

பதின்மூன்றாவது திருத்தம்

1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதே வருஷம் டிரம்புல் செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவரானார். லிங்கன் நண்பர்தான், ஆனால் கோர்ட் உத்தரவில்லாமல் ஆட்களைப் பிடித்துச் சிறையில் வைப்பதை அவர் தட்டிக் கேட்டார். போர்க்காலத்திலும் சட்டம் சட்டமே என்பது அவர் கட்சி. 1863-இல் ராணுவ அதிகாரி ஒருவர் சிகாகோவில் அரசை எதிர்த்து எழுதிய பத்திரிகையை மூடியபோது, தன் கட்சியைத் திட்டிய பத்திரிகை அது என்று தெரிந்தும் டிரம்புல் அந்த உத்தரவுக்கு எதிராக நின்றார். லிங்கன் உத்தரவை ரத்து செய்தார்.

1863 ஜனவரி முதல் தேதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் போர்க்கால ஆணை. எதிர்த்துப் போரிட்ட மாநிலங்களுக்குத்தான் அது பொருந்தும். போர் முடிந்தால் செல்லுமா என்ற சந்தேகமும் இருந்தது. நிரந்தரமாக்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். 1864 ஜனவரியில் மிசௌரி செனட்டர் ஜான் ஹெண்டர்சன் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது டிரம்புலின் குழுவுக்கு வந்தது. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், பிரெஞ்சுப் புரட்சியின் பிரகடனத்தைத் தழுவி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற ரீதியில் எழுத வேண்டும் என்றார். டிரம்புல் குழு வேறு வழியைத் தேர்ந்தது. 1787 சட்டத்தின் பழைய வாசகத்தையே ஆதாரமாக எடுத்தது. இருபது வருஷம் முன் ஜாரோ வழக்கில் கோர்ட்டில் பயன்பட்ட அதே சட்டம்! கோர்ட்டுகளுக்குப் பழகிய சொற்கள் என்றால் பின்னால் வியாக்கியானத் தகராறு குறையும் என்பது ஒரு வக்கீலின் யோசனை.

அந்தப் பழைய வாசகத்தோடு ஒரு விதிவிலக்கும் சேர்ந்தே வந்தது. குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு இருக்கலாம் என்பது அது. தென்மாநிலங்கள் பிற்காலத்தில் இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அற்பக் குற்றங்களுக்குக் கறுப்பினத்தவரைச் சிறைப்பிடித்துத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. பழகிய சொல் எப்போதும் பத்திரமான சொல் அல்ல. வருஷக்கணக்கில் பழைய உத்தரவுகளைப் பார்த்து நகல் எழுதிய என் போன்றவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

1864 ஏப்ரல் 8-ஆம் தேதி செனட் 38-க்கு 6 என்ற கணக்கில் நிறைவேற்றியது. கீழ்ச்சபையில் முதலில் தோற்று, 1865 ஜனவரி 31-இல் 119-க்கு 56 என்று ஜெயித்தது. மறுநாளே முதலாவதாக அங்கீகரித்தது இல்லினாய் மாநிலம். டிசம்பர் 6-ஆம் தேதி தேவையான மாநிலங்கள் சேர்ந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதைப் பார்க்க லிங்கன் இல்லை. ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

விடுதலை போதுமா?

தென்மாநிலங்கள் உடனே புதுச் சட்டங்கள் போட்டன. கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக்கூடாது, விரும்பிய இடத்தில் நிலம் வாங்கக்கூடாது, வேலையில்லாமல் திரிந்தால் கைது என்று இப்படி. சங்கிலியைக் கழற்றிவிட்டு வாசலை அடைத்துவிட்டார்கள்.

1866 ஜனவரியில் டிரம்புல் சிவில் உரிமை மசோதாவைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பிறந்தவர் குடிமகன். இனம் எதுவானாலும் ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடரவும், சாட்சி சொல்லவும், சொத்து வாங்கவும் விற்கவும் வெள்ளையருக்குள்ள அதே உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆனால் அமெரிக்கப் பழங்குடியினரில் பெரும்பாலோரை அது சேர்க்கவில்லை. லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஏப்ரலில் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வோட்டோடு அதை மீண்டும் நிறைவேற்றின. பெரிய சட்டம் ஒன்றை ஜனாதிபதியின் மறுப்பை மீறி காங்கிரஸ் நிறைவேற்றியது அதுவே முதல் தடவை. பிறப்பால் குடியுரிமை என்ற கொள்கை 1868-இல் 14-ஆவது திருத்தமாகச் சாசனத்திலும் ஏறியது. இன்று நம் குடும்பங்களில் எத்தனையோ பேரக்குழந்தைகள் அந்த மண்ணில் பிறந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழின் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது.

ஜான்சனிடம் டிரம்புலுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கக் காரணமே இல்லை. தன் இரண்டு மசோதாக்களை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த ஜான்சனின் தலைவிதி டிரம்புல் கையிலும் ஒரு நாள் வந்தது.

1868 மே 16

ஜனாதிபதி தன் அமைச்சர்களைச் செனட் சம்மதமில்லாமல் நீக்கக்கூடாது என்று 1867-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஜான்சன் அதை மீறிப் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். கீழ்ச்சபை அவர்மேல் குற்றம் சாட்டியது. விசாரணை செனட்டுக்கு வந்தது. உறுப்பினர்கள் 54 பேர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 36 வேண்டும். குடியரசுக் கட்சிக்கு 42 பேர் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஜான்சனுக்குத் தப்ப வழியில்லை.

டிரம்புல் தன் காரணங்களை எழுத்தில் வைத்தார். ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன். நியமித்த ஜனாதிபதியின் பதவிக்காலத்துக்கும் அதன் பின் ஒரு மாதத்துக்கும்தான் அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே சட்டம் மீறப்பட்டது நிரூபணமாகவில்லை. ஜனாதிபதியின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அவரை நீக்கினால், இனி எந்த ஜனாதிபதியும் பெரும்பான்மைக் கட்சிக்கு அஞ்சியே ஆள வேண்டியிருக்கும். இவையே அவர் வாதம். மிரட்டல்கள் வந்தன. சொந்தக் கட்சிப் பத்திரிகைகள் துரோகி என்றன.

மே 16-ஆம் தேதி பெயர் வாசித்து வோட்டெடுப்பு. குற்றவாளி என்றவர்கள் 35. இல்லை என்றவர்கள் 19. ஒரே ஒரு வோட்டு குறைந்தது. குடியரசுக் கட்சியினர் ஏழு பேர் எதிர்த்துப் போட்டிருந்தார்கள். டிரம்புல் அவர்களில் ஒருவர். கன்சாஸ் செனட்டர் எட்மண்ட் ராஸ் இந்த ஏழு பேரில் பிற்காலத்தில் மிகவும் புகழ் பெற்றார். ஆனால் ராஸ் செனட்டுக்குப் புதியவர். டிரம்புலோ நீதித்துறைக் குழுவின் தலைவர், கட்சியின் தூண்களில் ஒருவர். இழப்பதற்கு அவரிடம் அதிகம் இருந்தது.

இங்கே ஒரு சொந்த விஷயம் சொல்ல அனுமதி வேண்டும். நான் உத்தியோகத்தில் இருந்தபோது சக அதிகாரி ஒருவர் மீது விசாரணை வந்தது. விசாரணைக் குழுவில் மூவர், நான் இளையவன். அந்த அதிகாரியை எனக்குப் பிடிக்காது. பேச்சில் திமிர், பழக்கத்தில் முரடு. ஆனால் சாட்டப்பட்ட குற்றத்துக்குக் காகிதத்தில் ஆதாரம் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். ஆள் மோசம்தானே என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆள் மோசமா என்பது ஒரு கேள்வி. குற்றம் நிரூபணமாயிற்றா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று டிரம்புல் கதையைப் படித்தபோது மீண்டும் உறைத்தது. மாற்றுக் குறிப்பு எழுத எனக்கு ஒரு பக்கம் போதுமாயிருந்தது. எழுதவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஜூலியா காலமானார். அரசியலிலும் வீட்டிலும் ஒரே கோடையில் டிரம்புல் தனியரானார். அந்தப் பதவிச் சட்டத்தை 1887-இல் காங்கிரஸே நீக்கியது. 1926-இல் அத்தகைய சட்டம் சாசனத்துக்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்போது டிரம்புல் இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

குறைகளும் உண்டு

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அடிமை முறையை எதிர்த்தவர், ஆனால் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சமூகத்தில் சமமாகக் கலந்து வாழ்வதை அவர் மனம் ஏற்கவில்லை. விடுதலையானவர்களை வேறு நாட்டில் குடியேற்றலாம் என்ற யோசனையையும் ஒரு காலத்தில் ஆதரித்தார். 1871-இல் தெற்கே முகமூடிக் கும்பல்கள் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தபோது, அவர்களை அடக்கக் கொண்டுவந்த மத்தியச் சட்டத்தை, மாநில அதிகாரத்தில் தலையீடு என்று எதிர்த்தார். ஜான்சனைக் காத்த அதே சட்ட நுணுக்கம், இங்கே உயிருக்குப் பயந்து நின்றவர்களைக் கைவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு நல்ல காரியம், விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது. அவர் மகன் வால்டர் 1870-இல் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயச் சென்ற குழுவில் இருந்தார். வெந்நீர் ஊற்றுகள் பீறிடும் அந்த இடத்தைத் தனியாருக்கு விடாமல் பொதுச் சொத்தாகக் காக்கும் மசோதாவைத் தந்தை செனட்டில் ஆதரித்துப் பேசினார். 1872 மார்ச்சில் அது உலகின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

முதுமையில் கடைசி வழக்கு

1872-இல் டிரம்புல் ஊழல் மலிந்த தன் கட்சியை விட்டு வெளியேறி, சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்தார். ஜனாதிபதி வேட்பாளராகலாம் என்று பெயர் அடிபட்டது, கிடைக்கவில்லை. 1873-இல் பதினெட்டு வருஷ செனட் வாழ்க்கை முடிந்தது. சிகாகோவில் மறுபடி வக்கீல் தொழில். 1880-இல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். அவர் அலுவலகத்தில் தொழில் பழகிய மாணவர்களில் ஒருவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். பின்னாளில் மூன்று முறை ஜனாதிபதி வேட்பாளரானவர்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருக்க வேண்டிய வயதில் அவர் செய்தது இது. 1894-இல் சிகாகோ அருகே புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கூலியைக் குறைத்தார்கள். கம்பெனி வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. கோர்ட் தடையுத்தரவை மீறியதாகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குச் சிறைத் தண்டனை. ஜூரி விசாரணை இல்லாமல் ஒரு நீதிபதி இப்படிச் சிறைக்கு அனுப்பலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1895 மார்ச்சில் டெப்ஸுக்காக வாதாடியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கிளாரன்ஸ் டாரோ. மற்றொருவர் 81 வயது லைமன் டிரம்புல். நீதிபதிகள் ஒருமனதாக டெப்ஸுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். ஐம்பது வருஷம் முன் ஒரு தொழிலாளியின் கூலிக்காக வாதாடியவர், கடைசியிலும் தொழிலாளிகளுக்காகவே எழுந்து நின்றார். முதல் வழக்கில் ஜெயம், பின்னதில் தோல்வி.

1896 ஜூன் 25-ஆம் தேதி சிகாகோவில் தமது 82-ஆவது வயதில் டிரம்புல் காலமானார். அங்கேயே ஓக் வுட்ஸ் மயானத்தில் அடக்கம்.

அவர் எழுதிய 1866 சட்டம் வெகுகாலம் தூங்கியது. மிசௌரியில் ஒரு கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். 1968-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, டிரம்புலின் சட்டத்தையும் செனட்டில் அவர் தந்த விளக்கங்களையும் ஆதாரமாகக் கொண்டு, தனியாரும் இனம் பார்த்து வீட்டை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. நூற்றிரண்டு வருஷம் கழித்து அந்தக் காகிதம் ஒரு குடும்பத்துக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

பேரன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். சட்டம் படிக்கப் போகிறேன் என்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, அந்த விசாரணைக் குழு விஷயத்தை முதல் தடவையாக அவனிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான். பிறகு, அந்த அதிகாரி என்ன ஆனார் தாத்தா என்று கேட்டான். அவருக்குப் பதவி உயர்வு நின்றுபோயிற்று, அப்படியே ரிடையர் ஆனார் என்று சொன்னேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. அவர் குடும்பத்தார் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த மூன்று கையெழுத்துகளில் ஒன்று தப்பு என்பதை இப்பக்கத்தின் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.